எட்டாவது செவ்வாய்க்கிழமை

அந்த நாடகத்தை நிறுத்தியது நான்தான். காண்டிராக்டர் சிவஞானம் நிறுத்தினார் என்று ஹேடோவில் சொல்வார்கள். அவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். கையெழுத்துக்கு மேலே இருந்த பதினொரு வரியும் என்னுடையவை.

அப்போது நான் ஹேடோ துறைமுகத்தை ஒட்டிய அவருடைய ஆபீசில் கிளார்க். பகலில் சரக்கு இறக்கும் ஆட்களின் வருகைப் பதிவு, கப்பல் லிஸ்ட். சாயங்காலம் எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பேன். காசு வாங்கமாட்டேன். தேதி, இடம், சேமம், விஷயம், நிற்க, இப்படிக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுதுவேன். எழுதி முடித்ததும் ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அப்புறம்தான் கைநாட்டு.

கப்பல் லிஸ்ட் என்றால் என்ன என்று சொல்லவேண்டும். எங்கள் தீவிலிருந்து மெயின்லாண்டுக்குக் கப்பல் இரண்டு வாரத்துக்கோ மூன்று வாரத்துக்கோ ஒன்று. எங்கள் ஆட்கள் இருநூறு பேருக்கும் சேர்த்து ஒரு பயணத்துக்கு எட்டு பங்க், அதாவது எட்டுப் படுக்கை. ஊருக்குப் போகவேண்டுமென்றால் பெயர் கொடுத்துவிட்டு ஏழெட்டு மாதம் காத்திருக்கவேண்டும். ஊரிலிருந்து தந்தி வந்தால் மட்டும் வரிசையைத் தாண்டலாம். ஆகவே எல்லோருக்கும் தந்தி வந்தது. பொங்கல் நெருங்கினால் இராமநாதபுரம் ஜில்லாவில் பாதித் தாய்மார்கள் சாகக் கிடப்பார்கள்.

அந்தத் தந்திகளுக்கு வாசகம் எழுதியவனும் நான்தான். கடுதாசியோடு ஒரு துண்டுச் சீட்டில் இங்கிலீஷில் எழுதி வைத்து அனுப்புவேன். ‘இந்தச் சீட்டைத் தந்தி ஆபீசில் கொடுத்து இதில் உள்ளபடியே அடிக்கச் சொல்லவும்.’ மனைவி சீரியஸ், உடனே புறப்படு. நாலே வார்த்தை. சாயங்காலம் எழுதிக் கொடுத்த பொய்யை, ஒரு மாதம் கழித்துக் காலையில் ஆபீஸ் மேசையில் நானே வாங்கி, முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு பைலில் போடுவேன். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

நாகமுத்து வந்துதான் இது கெட்டது. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஏதோ ஒரு ஊர். மூட்டை தூக்குகிறவன், நல்ல குரல், பேச்சுக்காரன். அறுபத்திரண்டில் நான் எழுதிக் கொடுத்த சீட்டில் ஊருக்குப் போய்வந்தவன், திரும்பி வரும்போது பெண்டாட்டி கண்ணம்மாளோடு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து துறைமுகம் பூராவும் காட்டினான். அது காண்டிராக்டர் கண்ணிலும் பட்டது. என்னைக் கூப்பிட்டார்.

“என்ன ஓய், சீரியஸா இருந்த பொம்பளை ஸ்டூடியோவுல நின்னு சிரிக்கிறா?”

அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. தந்தி வந்தால் போதாது, கிராம முன்சீப் அதை உறுதிசெய்து இன்னொரு தந்தி அடிக்கவேண்டும். விதியை டைப் அடித்து ஆபீஸ் வாசலில் ஒட்டியதும் நான்தான்.

மறு வருஷம், அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்குக் கப்பல். காலை பத்து மணிக்கு நாகமுத்து கையில் தந்தியோடு ஓடிவந்தான். மேலெல்லாம் சிமெண்டுத் தூசி.

“அய்யா, நெசம்யா. இந்தத் தடவை நெசம்.”

“லைன்ல வா” என்றேன். அவனுக்கு முன்னால் ஒரே ஒருவன் நின்றான். அவன் வந்தது ஒரு சோப்புக் கட்டிக்கு.

நாகமுத்து முறை வந்ததும் தந்தியை வாங்கிப் பார்த்தேன். அதே நாலு வார்த்தை. என் சீட்டுத்தான். கண்ணம்மாள் அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். நிஜமாகவே காய்ச்சலில் விழுந்தபோது, தந்தி என்றால் இப்படித்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது என்று அதையே எடுத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பிற்பாடு தெரிந்தது இது.

ஆனால் அப்போதே ஒன்று எனக்குத் தெரிந்தது. தந்தியின் மேல் மூலையில் எக்ஸ்பிரஸ் என்று போட்டிருந்தது. எக்ஸ்பிரஸ் தந்திக்கு இரண்டு பங்கு கட்டணம். நான் எழுதிக் கொடுத்த அத்தனை பொய்யும் சாதாரணத் தந்தியில்தான் வந்திருக்கின்றன. பொய்க்கு எவன் இரண்டு பங்கு கொடுப்பான்? பார்த்தேன். புரிந்தது. புரியவில்லை என்று ஒரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

லிஸ்டை அப்போதுதான் நாலு பிரதி, மூன்று கார்பன் வைத்து அடித்து முடித்திருந்தேன். எட்டாவது பெயர் ராஜமாணிக்கம். அண்ணன் மகள் காதுகுத்துக்குப் போகிறவன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனே விட்டுக் கொடுத்திருப்பான். பெயரை அடித்து மேலே வேறு பெயர் எழுதவேண்டும், நாலு பிரதியிலும். இரண்டு வருஷமாக என் லிஸ்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. போட்டோ விஷயத்தில் இவனால் திட்டு வாங்கியதும் நெஞ்சில் இருந்தது.

“முன்சீப் தந்தி வரட்டும்” என்றேன்.

அது வெள்ளிக்கிழமை வந்தது. கப்பல் போய் மூன்று நாள். சென்னைக்கு நாலு நாள் கடல், அங்கிருந்து ஊருக்கு ஒரு நாள். கண்ணம்மாள் செத்தது கப்பல் கிளம்பிய ஒன்பதாம் நாள். அடுத்த கப்பல் வந்தது இருபதாம் நாள். முதல் தந்தியையும் முன்சீப் தந்தியையும் சேர்த்து மடித்து நாகமுத்துவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் அந்தக் கப்பலில் போகவில்லை. “இனி என்னத்துக்குய்யா?” என்று கேட்டுவிட்டு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

எக்ஸ்பிரஸ் சமாசாரம் வேறு யாருக்கும் தெரியாது. கையில் வைத்திருக்கிறவனுக்கே தெரியாது. அவனுக்குத் தமிழே படிக்க வராது.

அடுத்த மார்ச் மாதம் நாடகம் ஆரம்பித்தது. ஹேடோவில் எங்கள் ஆட்கள் நடத்திய நண்பர் மன்றத்துக்குக் காண்டிராக்டர் ஒரு மைக் செட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்திருந்தார். மன்றச் செயலாளர் ஜம்புலிங்கம், கப்பலுக்குச் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். அவன் சம்சாரம் அலமு நன்றாகப் பேசுவாள், ஆனால் ஆம்பிளைகள் முன்னால் மேடையேற மாட்டேன் என்றாள். அதற்காக எல்லோரையுமே திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஆளைப் பார்க்க முடியாது, குரல் மட்டும் ஸ்பீக்கரில் வரும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, அரை மணி நேரம், பதின்மூன்று வாரம் என்று போர்டு எழுதி வைத்தார்கள். எழுத்துப் பிரதி கிடையாது. கதை நாகமுத்துவின் தலைக்குள் இருந்தது. கந்தன் என்ற கூலியாக அவன் பேசினான், கிளார்க்காக ஜம்புலிங்கம், கந்தன் பெண்டாட்டியாக அலமு.

முதல் வாரம் நானும் என் மனைவி சுசீலாவும் போய் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தோம். துறைமுகச் சங்கு ஊதியது. “இன்னைக்கு என்ன கெழமை?” என்றது கந்தன் குரல். “செவ்வாக்கெழமைடா, எந்திரி” என்றது இன்னொரு குரல். தந்தி வந்தது. கந்தன் ஆபீசுக்கு ஓடினான். தொண்டையைக் கனைக்கும் சத்தம் ஒன்று ஸ்பீக்கரில் வந்தது. பிறகு, “லைன்ல வா.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்கள்.

கந்தன் கெஞ்சினான். கப்பல் ஊதியது, போய்விட்டது. எல்லாம் அடங்கிய பிறகு, வெகு தூரத்திலிருந்து மாதிரி அலமுவின் குரல், “வாரீகளா?” அவ்வளவுதான், முதல் வாரம் முடிந்தது.

இரண்டாம் வாரம் மறுபடியும் சங்கு. “இன்னைக்கு என்ன கெழமை?” “செவ்வாக்கெழமைடா, எந்திரி.” மறுபடியும் தந்தி. கூட்டத்தில் ஒருவன் எழுந்தான்.

“என்னப்பா, போன வாரம் போட்டதையே போடுறீக?”

“உக்காருலே. அவனுக்கு அந்த நாளு விடிஞ்சு விடிஞ்சு வருது. வெளங்கலையா?”

விளங்கிவிட்டது. அதற்கப்புறம் கூட்டம் வாரத்துக்கு வாரம் பெருகியது. சிப்பிகாட்டிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவர்கள்கூடக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். தமிழ் தெரியாத ராஞ்சி ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சங்கும் கப்பல் ஊதுவதும் போதுமாயிருந்தது. கந்தன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு வழி பார்த்தான். ஒரு வாரம் சாட்சிக்கு நாலு பேரைக் கூட்டி வந்தான். கிளார்க் நாலு பேரையும் லைனில் நிறுத்தினான். ஒரு வாரம் தேங்காய் மூட்டையோடு மூட்டையாக விஞ்ச்சில் தொங்கிக்கொண்டு கப்பலில் ஏறப் பார்த்தான். பாதி உயரத்தில் விஞ்ச் ஓட்டுகிறவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

வாரம் பூராவும் துறைமுகத்தில் இதே பேச்சு.

“நீஞ்சிப் போய் நங்கூரச் சங்கிலியப் பிடிக்கச் சொல்லுடா.”

“உன் அப்பன் பிடிச்சானா? பேசாம கிளார்க்கத் தூக்கித் தண்ணியில போட்டுட்டு லிஸ்ட்ட எடுத்துக்கணும்.”

“அவனத் தூக்கிப் போட்டா, தண்ணியவும் லைன்ல வரச் சொல்லுவான்.”

நான் குடையை விரித்துக்கொண்டு கடந்து போவேன். பின்னாலிருந்து ராஞ்சிக்காரன் ஒருவன் அதையே இந்தியில் கத்துவான், “அரே பாபு, லைன் சே! லைன் சே!” பத்து நாளில் சின்னக் கப்பலை ஓட்டும் வங்காளி சாரங்குகூட என்னைப் பார்த்து அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

கேலி எனக்குப் பெரிதில்லை. கிளார்க்காக இருக்கிறவன் கேலியைத் தாங்கவேண்டும். பயம் வேறு. ஒவ்வொரு வாரமும் கந்தன் புதிதாக ஒன்றைப் பார்க்கிறான். அந்த நாளைத் திருப்பித் திருப்பிப் போட்டால் என்றைக்காவது ஒருநாள் தந்தியின் அந்த மூலையைப் பார்த்துவிடுவான். சுசீலாவே ஐந்தாம் வாரம் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

“தந்தியைக் கையில வாங்கிப் பார்த்தும் அந்தக் கிளார்க்குக்கு நெசமா பொய்யான்னு தெரியாமலா இருக்கும்?”

“நாடகம்தானே” என்றேன்.

“நாடகந்தான். அவன் தொண்டையைக் கனைக்கிறது மட்டும் உங்க மாதிரியே இருக்கு.”

ஏழாம் வாரம் கந்தன் ஓடவில்லை. சங்கு ஊதியது, தந்தி வந்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். “இன்னைக்கு நான் ஆபீசுக்கும் போகல, கப்பலுக்கும் போகல. இந்தக் காயிதத்தத்தான் பாக்கப் போறேன். எல்லாச் செவ்வாக்கெழமையும் இதக் கையில வச்சிக்கிட்டு ஓடுனேனே தவிர, இதுல என்ன இருக்குன்னு பாக்கவே இல்லையே. மூலை முடுக்கெல்லாம் பாக்கணும்.” கப்பல் ஊதியது. “வாரீகளா?” என்றாள் அலமு. மீதி அடுத்த சனிக்கிழமை என்றார்கள்.

கூட்டத்துக்கு ஏமாற்றம். நான் சுசீலாவுக்குக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து காண்டிராக்டருக்கு மூன்று கடுதாசி எழுதினேன். ‘வாராவாரம் ஒரே கதையைக் கேட்டுச் சலித்த ரசிகன்’ என்று ஒன்று, இடது கையால். ‘குடும்பத்தோடு கேட்க முடியாமல் வருந்தும் ஒரு தாய்’ என்று இரண்டாவது. மூன்றாவது என் சொந்தப் பெயரில், மரியாதையாக. முதலாவதாக, இந்நாடகத்தால் நிர்வாகத்தின்மீது ஆட்களுக்கு மதிப்புக் குறைகிறது. இரண்டாவதாக, சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் ஓவர்டைம் வேலைக்கு ஆள் வருவதில்லை. மூன்றாவதாக, மைக் செட் தங்களுடைய அன்பளிப்பு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இரண்டாவது பாயிண்டில் காண்டிராக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்; நான் எழுதிக் கொடுத்த பதினொரு வரி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை மைக் செட்டைக் கழற்றிக்கொண்டுவந்து ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி என்னிடம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் வழக்கம்போல வந்தது. ஸ்பீக்கர் இல்லாத கம்பத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜம்புலிங்கமும் நாகமுத்துவும் இன்னும் பத்துப் பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். என்னை அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஜம்புலிங்கம் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தான்.

“அய்யா, ஒரு பெட்டிசன் எழுதணும். நாடகத்த மறுபடி நடத்த விடச் சொல்லி. உங்களத் தவிர யாரு இருக்கா எங்களுக்கு?”

கேலிக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. வாராவாரம் என்னைப் போலக் கனைத்தவன், பெட்டிசன் என்றதும் என்னிடமே வந்து நிற்கிறான். கடுதாசிக்கு ஓர் ஆள், கேலிக்கு ஓர் ஆள் என்று அவர்கள் கணக்கில் நான் இரண்டு ஆள்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். மாட்சிமை பொருந்திய, அடியிற்கண்ட தொழிலாளர்கள் தாழ்மையுடன், உழைத்துக் களைத்தவர்களுக்கு வாரத்தில் அரை மணி நேரம் என்றெல்லாம் எழுதிச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அறுபத்துமூன்று கைநாட்டு விழுந்தது. திங்கட்கிழமை அதைக் காண்டிராக்டர் மேசையில் வைத்தேன்.

“நீயே ஒரு பதில் எழுதிடு ஓய். முடியாதுன்னு.”

அதையும் எழுதினேன். மூன்று வரி. படிக்கத் தெரியாதவர்களாயிற்றே, நானே துறைமுகத்துக்குப் போய் நின்று படித்தேன். என்ன சொன்னார் என்று புரியாமல் ராஞ்சிக்காரன் ஒருவன், “க்யா போலா?” என்று பக்கத்தில் கேட்டான். “பந்த்” என்றான் ஜம்புலிங்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகமுத்து தனியாக வந்தான். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தான்.

“ஒரு உதவிய்யா. எட்டாவத எழுதி வச்சிரணும். தலைக்குள்ள கெடந்தா போயிரும். இவர் போயி வேற காண்டிராக்டர் வந்தா நடத்தலாமில்ல?”

“பதின்மூணு வாரம்னு போர்டு வச்சிருந்தீங்களே?”

“அது ஜம்புலிங்கம் சும்மா போட்டதுய்யா. எட்டோட முடிஞ்சிருக்கும். எட்டாவதுக்கு மறுநாளு புதங்கெழமை.”

பேனாவில் மை ஊற்றினேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கந்தன் தந்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். முந்தின வருஷம் தான் பொய்யாக வரவழைத்த தந்தியை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறான். இரண்டிலும் அதே நாலு வார்த்தை. அப்போது கிளார்க் வந்து எதிரில் உட்காருகிறான். அவனுக்கு வசனம் உண்டு.

“கிளார்க்கு என்ன சொல்றாரு?”

“எழுதிக்கோங்க. ‘ஏய்ப்பா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. இது நெசம், இது பொய்யின்னு எனக்கு எப்பிடித் தெரியும்?’ கந்தன் சொல்றான், ‘தெரியாதுதான்யா. பொய்ய நாந்தான் கேட்டு வாங்குனேன். அது வாசல்ல நின்னுக்கிட்டு நெசத்த உள்ள விடல. உங்க மேல குத்தமில்ல.’ அம்புட்டுத்தான். கப்பல் ஊதுது. அலமு இந்தத் தடவை பேச மாட்டா. மறுநாள் சங்கு ஊதும். இன்னைக்கு என்ன கெழமைன்னு கேப்பான். புதங்கெழமைம்பாக.”

என் கை நின்றுவிட்டது. அவன் அதைக் கவனித்தான்.

“ஏழு வாரம் உங்கள ஏசவச்சிட்டேன்யா, தெரியும். ஏசுனாத்தான கூட்டம் வரும். எல்லாரையும் கூட்டிவச்சு எட்டாவதுல அவுக முன்னாலயே, இவரு மேல குத்தமில்லன்னு சொல்லணும்னு இருந்தேன். பாவி மக்க, அதுக்குள்ள எவனோ மொட்டக் கடுதாசி போட்டு நிப்பாட்டிட்டான். இனி அவுக வாயில நீங்க அந்த லைன்ல வா கிளார்க்குத்தான்.”

அவன் மடியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்தான். ஸ்டூடியோ போட்டோவும் தந்தியும் உள்ளே இருந்தன. தந்தியை விரித்து மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

“இதுல உள்ளத அப்பிடியே எழுதிருங்கய்யா. ஒரு எழுத்து மாறக் கூடாது. நடத்துறவன் படிக்கணுமில்ல.”

நாலு வார்த்தையையும் எழுதினேன். அவன் குனிந்து, சிமெண்டு ஏறிய நகத்தால் மேல் மூலையைத் தொட்டான்.

“இது என்னய்யா எழுத்து, மூலையில? இதையும் எழுதணுமா?”

“அது தந்தி ஆபீஸ் முத்திரை” என்றேன். “வேண்டாம்.”

“சரிய்யா.” டப்பாவை மூடி மடியில் செருகிக்கொண்டான். “படிச்சுக் காட்டுங்க.”

வழக்கம் அதுதானே. தாளை எடுத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலேயிருந்து படித்தேன். கிளார்க் பேசுகிற இடம் வந்தது. ‘ஏய்ப்பா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. இது நெசம், இது பொய்யின்னு எனக்கு எப்பிடித் தெரியும்?’ அவன் முகத்தைப் பார்க்காமல், வேகமாகவும் இல்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் படித்து முடித்தேன்.

நாகமுத்து சிரித்தான்.

“ஜம்புலிங்கத்த விட நீங்கதான்யா நல்லாப் பேசுறீக.”